கண்ணுக்குத் தெரியாத தூய்மை: அறுவைச் சிகிச்சையில் நோய்த்தொற்றுத் தடுப்பு

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்து திருப்பெரும்புதூரை நெருங்குமுன் வருவது தண்டலம். ஒருபுறம் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டை. சற்றுத் தொலைவில் ஒரகடத்து வாகனத் தொழிற்சாலைகள். ஏரிகளும் நெல்வயல்களுமாக இருந்த இந்நிலப்பரப்பில், கடந்த முப்பதாண்டுகளுக்குள் பல மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து குடியேறியுள்ளனர். தண்டலத்தில் சாலையோரமாகவே ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. அழுத்தப் பொறியில் விரல் நசுங்கிய இளைஞர், சாலை விபத்தில் கால் முறிந்தவர், மகப்பேற்றுக்கு வந்த பெண், குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொள்ள வந்த முதியவர் எனப் பலரும் இத்தகைய மருத்துவமனைகளின் வாயிலில் நிற்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

இவர்களுடைய நோய்கள் வேறு வேறு. ஆயினும் அறுவை முடிந்தபின் உற்றார் அனைவருக்கும் எழும் அச்சம் ஒன்றே: புண் ஆறுமா, சீழ் பிடிக்குமா? இந்த அச்சம் வீணானதன்று. குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளில் அறுவைச் சிகிச்சை பெறுவோரில் 100 பேருக்கு ஏறத்தாழ 11 பேர் அறுவைப் புண் தொற்றுக்கு ஆளாவதாக 2016 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் கூறியது. அறுவை முடிந்து 30 நாள்களுக்குள்ளும், செயற்கை மூட்டு போன்ற பொருள்கள் உடலில் பொருத்தப்பட்டிருந்தால் 90 நாள்கள் வரையிலும் தோன்றும் தொற்றுகளை மருத்துவர்கள் இவ்வகையில் சேர்க்கின்றனர். மருத்துவமனையை விட்டு வீடு திரும்பிய பின்னரும் ஆபத்து முடிவதில்லை என்பதே இதன் பொருள்.

இத்தொற்றைத் தடுப்பது விலையுயர்ந்த மருந்துகளின் வேலை என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். உண்மை வேறாக இருக்கிறது. அதனை உணர இதே நெடுஞ்சாலையில் மேற்கே 150 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள வாணியம்பாடிக்குச் செல்வோம்.

தோல் தொழிலுக்கும் கல்விப் பணிக்கும் பெயர் பெற்ற அவ்வூர் நம் வாசகர்களுக்கு அறிமுகம் தேவைப்படாதது. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் வட தமிழகத்தில் மூளையையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்னும் கொடிய தொற்று சிலரிடம் காணப்பட்டது. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒருவகைக் கிருமியால் உண்டாவது அது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களும், சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தாரும், தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையினரும் இணைந்து அதன் மூலத்தைத் தேடினர். நோயுற்றோரில் 10 பேர் வாணியம்பாடியிலிருந்த ஒரே பல் மருத்துவ நிலையத்தில் சிகிச்சை பெற்றவர்கள் என்பது தெரிய வந்தது. அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துவிட்டனர். இந்த ஆய்வு 2025 ஆம் ஆண்டில் லான்செட் குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய இதழில் வெளிவந்தது.

காரணம் என்ன? பல்லின் வேரைத் தூய்மை செய்யவும் வாயைக் கழுவவும் பயன்படும் உப்புநீர்ப் புட்டி. ஈறை எலும்பிலிருந்து விலக்கப் பயன்படும் கருவி ஒன்றினால் அப்புட்டியைத் திறந்திருக்கின்றனர். பிறகு சரிவர மூடாமல் வைத்திருந்து, அடுத்தடுத்து வந்தோருக்கும் அதே நீரைப் பயன்படுத்தியிருக்கின்றனர். ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய புட்டி ஒன்றைத் திறந்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவு மிகச் சொற்பம். உயர்ந்த மருந்துகள் இல்லாமையால் அந்த எட்டு உயிர்களும் போகவில்லை. ஒரு சிறிய ஒழுங்கு தவறியதால் போயின. பல்வலிக்கென்று வீட்டிலிருந்து நடந்து சென்றவர்கள் அவர்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

கிருமிகள் எங்கிருந்து வருகின்றன என்பதை அறிந்தால் இவ்வொழுங்கின் அருமை விளங்கும். அறுவைப் புண்ணில் புகும் கிருமிகளிற் பெரும்பாலானவை நோயாளியின் தோல், மூக்கு, குடல் ஆகியவற்றில் இயல்பாக வாழ்பவையே. தோல் என்னும் மதிலுக்கு வெளியே அவை தீங்கற்றவை. மதில் திறக்கப்பட்டதும் உள்ளே நுழைந்து பகையாகின்றன. எஞ்சியவை சிகிச்சை செய்வோரின் கைகள், கருவிகள், நீர்மங்கள், அறையின் காற்று ஆகியவற்றின் வழியே வருகின்றன.

இவற்றுள் கைகளைப் பற்றிய உண்மையை உலகம் எளிதில் ஏற்கவில்லை. 1847 ஆம் ஆண்டில் வியன்னாவின் மகப்பேற்று மருத்துவமனையில் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ், பிணக்கூறாய்வு செய்துவிட்டு வரும் மருத்துவர்களின் கைகளே தாய்மார்களுக்குக் காய்ச்சலைக் கொண்டு வருகின்றன என்று கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவுமாறு கட்டளையிட்டார். 100 பேருக்கு ஏறத்தாழ 18 பேர் என்றிருந்த இறப்பு, சில மாதங்களில் 2 பேரளவுக்குத் தாழ்ந்தது. ஆனால், மருத்துவரின் கை அசுத்தமானது என்ற கூற்றைப் பொறுக்காத சக மருத்துவர் பலர் அவரை ஒதுக்கினர். 1865 ஆகஸ்டில் ஒரு மனநோய் விடுதியில், புண்ணில் ஏற்பட்ட தொற்றினாலேயே அவர் இறந்தார். அதே மாதத்தில்தான் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர், கால் முறிந்த ஒரு சிறுவனின் புண்ணில் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்திச் சீழில்லாமல் ஆற்றினார்.

நம் முன்னோரின் பங்கையும் இங்குக் குறிப்பிடுவது தகும். கெய்ரோவில் 1284 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மன்சூரி மருத்துவமனையில் காய்ச்சல், கண்நோய், அறுவை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. குர்துபாவின் அருகே வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி தமது 30 பகுதிகள் கொண்ட மருத்துவக் களஞ்சியத்தின் இறுதிப் பகுதியை அறுவைக்கே ஒதுக்கி, கருவிகளை வரைந்தும் காட்டினார். ஆயினும் கிருமியின் இயல்பு அக்காலத்து எவருக்கும் தெரியாது. இன்றைய அறிவு அனைத்தும் அவர்களிடமே இருந்தது என்று கூறுவது அவர்களுக்குச் செய்யும் சிறப்பாகாது. உறக்கத்திலிருந்து எழுபவர் கையைக் கழுவாமல் நீர்ப்பாத்திரத்தில் விடலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) கற்பித்தார்கள். உறங்குகையில் கை எங்கெங்கு பட்டது என்பதை எவரும் அறியார் என்பதே அதற்கு அவர்கள் சொன்ன காரணம். காணாத ஒன்றைக் கருதிக் கையைக் காக்கும் அந்தப் பண்பே நமக்கு உரிய செல்வம். அதனை மருத்துவமனைக்குள்ளும் கொண்டு செல்கிறோமா என்பதுதான் கேள்வி.

தடுப்புப் பணி அறுவைக்கு முன்பே தொடங்குகிறது. நீரிழிவு உள்ளவர் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருதல் வேண்டும்; சர்க்கரை மிகுந்த உடலில் கிருமியை எதிர்க்கும் அணுக்கள் சோர்ந்துவிடுகின்றன. புகைபிடிப்பவர் சில வாரங்களுக்கு முன்பே அதனைக் கைவிட வேண்டும். புகை, புண்ணுக்குச் செல்லும் உயிர்வளியைக் குறைக்கிறது. அறுவைக்கு முன் சோப்பிட்டுக் குளித்தல் வேண்டும். சாதாரண சோப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முடி மழிப்பதைப் பற்றி நம் இல்லங்களில் தவறான எண்ணம் நிலவுகிறது. அறுவைக்கு முந்திய இரவு சவரக்கத்தியால் மழித்துக்கொண்டு செல்வது தூய்மை என்று கருதுகிறோம். கத்தி தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். அவை கிருமிகளின் குடியிருப்பாகிவிடும். ஆகவே மழித்தலாகாது என்பது உறுதியான பரிந்துரை. முடியை நீக்கியே ஆக வேண்டுமெனில் மருத்துவமனையில் கத்தரிப்புக் கருவியால் நறுக்குவார்கள். மார்க்க ஒழுங்கின்படி உடல்முடி நீக்குவோரும் அறுவை நெருங்கும் நாள்களில் கத்தியைத் தவிர்த்தல் நலம். அவ்வொழுங்கில் 40 நாள் வரை அவகாசம் உண்டென்பதை நாம் அறிவோம்.

அடுத்தது மருந்து. நுண்ணுயிர்க்கொல்லி என நூல்களும் ஆன்டிபயாடிக் என மக்களும் வழங்கும் மருந்து, அது தேவைப்படும் அறுவைகளில், தோலைக் கீறுவதற்கு முந்திய 120 நிமிடங்களுக்குள் செலுத்தப்பட வேண்டும். கத்தி படும் வேளையில் திசுக்களில் மருந்து நிறைந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். அறுவை முடிந்தபின், தொற்று ஏற்படாத நிலையில், தடுப்புக்கென்று அதனை நீட்டிப்பது பயனற்றது என்றே அந்நிறுவனம் கூறுகிறது. ஆனால் ஐந்து நாள், ஏழு நாள் எனத் தொடரும் வழக்கம் நம் நாட்டில் பல இடங்களில் உண்டு. மருத்துவர் நிறுத்தினாலும், ஊசி போடவில்லையே எனக் குறைப்படும் உறவினரும் உண்டு.

இதனால் விளையும் கேட்டைச் சென்னை நகரமே உலகுக்கு எடுத்துக்காட்டியது. ஆற்றல் மிக்க மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்டிஎம் 1 என்ற மரபணுவைத் தாங்கிய கிருமிகள் சென்னையிலும் காணப்பட்டதை 2010 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று அறிவித்தது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அதில் பங்கு பெற்றிருந்தனர். பெரும் சர்ச்சைக்குப்பின், 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடி ஒரு செயல்திட்டத்தை வகுத்தன. அது சென்னைப் பிரகடனம் என வழங்கப்படுகிறது. அதனை முன்னின்று நடத்தியவர் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். மருத்துவரின் சீட்டின்றிச் சில மருந்துகளை விற்கலாகாது என்னும் எச்1 அட்டவணை 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. தேவையின்றி உட்கொள்ளும் ஒவ்வொரு மாத்திரையும் நாளை வேறொருவர் புண்ணில் மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கக்கூடும். பிறருக்குத் தீங்கு விளைவிக்கலாகாது என்ற நெறி இதற்கும் பொருந்தும் அல்லவா?

இனி அறுவை அரங்கிற்குள் வருவோம். கருவிகள் நீராவி அழுத்தக் கலத்தில் 121 பாகை செல்சியஸ் போன்ற வெப்பத்தில், குறித்த அழுத்தத்தில், குறித்த நேரம் வைக்கப்படுகின்றன. கொதிநீரில் இட்டு எடுப்பது இதற்கு ஈடாகாது. கிருமிகளின் வித்துகள் கொதிநீரிலும் பிழைக்கும். கருவியில் இரத்தம் உலர்ந்திருப்பின் ஆவியும் பயன் தராது. ஆதலால் முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். வெப்பம் சரியாக எட்டியதா என்பதை நிறம் மாறும் பட்டைகள் காட்டுகின்றன. இப்பணியைச் செய்வோர் பெரும்பாலும் பெயர் தெரியாத கடைநிலை ஊழியர்கள். அறுவை நிபுணரின் கைத்திறன் அவர்களுடைய நேர்மையின் மீதே நிற்கிறது.

எளிய செயல்கள் எவ்வளவு பயனளிக்கும் என்பதற்கு அண்மைக் காலச் சான்றும் உண்டு. இந்தியா உள்ளிட்ட 7 நாடுகளின் 81 மருத்துவமனைகளில் 13,000 பேருக்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2022 இல் வெளிவந்தது. வயிற்று அறுவையின் இறுதியில், புண்ணைத் தைப்பதற்கு முன்பாக, கையுறைகளையும் கருவிகளையும் புதிதாக மாற்றினார்கள், அவ்வளவே. மாற்றாதவிடத்து 18.9 விழுக்காடாக இருந்த தொற்று, மாற்றியவிடத்து 16 விழுக்காடாகக் குறைந்தது. 2009 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, புது தில்லி உட்பட 8 நகரங்களில் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலைச் சோதித்தது. நோயாளியின் பெயர், அறுவை செய்யும் இடம், மருந்து கொடுத்த நேரம் போன்றவற்றை உரக்கச் சொல்லி உறுதி செய்வதே அப்பட்டியல். அதனைக் கையாண்டபின் தொற்றும் இறப்பும் ஏறத்தாழப் பாதியாயின.

கை தூய்மையைப் பேசும்போது நம்மவர் சிலரிடம் எழும் ஐயம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வது நலம். மருத்துவமனைகளில் கைகளில் தேய்த்துக்கொள்ளும் நீர்மத்தில் ஆல்கஹால் உள்ளது. மதுவை அசுத்தம் எனக் கொள்ளும் சட்ட மரபில் வளர்ந்தவர்களுக்கு, அதனைத் தொட்டபின் தொழலாமா என்ற தயக்கம் எழுவது இயல்பே. அதனை ஏளனம் செய்ய வேண்டுவதில்லை. 2002 ஜனவரியில் மக்காவில் கூடிய உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹ் பேரவை, கிருமிகளைக் கொல்லவும் புண்ணின் மேற்புறத்தைத் தூய்மை செய்யவும் ஆல்கஹாலைப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட கைத்தூய்மை வழிகாட்டியும் இத்தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறது. ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும்: கண்ணுக்குத் தெரியும் அழுக்கு கையில் இருந்தால் அந்நீர்மம் போதாது, சோப்பும் நீருமே வேண்டும்.

தண்டலத்தைச் சுற்றியுள்ள தொழிலாளர்களின் நிலை சற்று வேறு. அவர்களுடைய காயம் தூய அரங்கில் உண்டானதன்று. எண்ணெயும் மண்ணும் இரும்புத்தூளும் கலந்தது. அத்தகைய காயத்தில் செத்த சதையையும் அழுக்கையும் முற்றாக நீக்கிக் கழுவுவதே முதற் சிகிச்சை. எத்தனை வீரியமுள்ள மருந்தும் அதற்கு மாற்றாகாது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரனும் அவர் குழுவினரும் திறந்த எலும்பு முறிவுகளை மதிப்பிட வகுத்த அளவுகோல் 2006 இல் வெளிவந்து பிற நாடுகளிலும் அறியப்பட்டது. தோல், எலும்பு, தசை ஆகிய ஒவ்வொன்றின் சேதத்தையும் தனித்தனியே எண்ணிப் பார்த்து, காலைக் காக்க இயலுமா என்பதை முடிவு செய்ய அது உதவுகிறது. காயத்தின் மீது காப்பித்தூளையோ மஞ்சளையோ சுண்ணாம்பையோ அப்பாமல், தூய துணியால் மூடி, இயன்ற விரைவில் மருத்துவமனை சேர்ப்பதே உடன் நிற்பவர் செய்யத்தக்க உதவி. டெட்டனஸ் தடுப்பூசியும், தொடக்கத்திலேயே கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லியும் அங்கே கிடைக்கும்.

அறுவைக்குப் பிந்திய நாள்களில் பொறுப்பின் பெரும்பகுதி நம்மிடம் வருகிறது. நோயாளியை நலம் விசாரிப்பது நம்மீதுள்ள கடமை. ஆனால் அக்கடமையை நிறைவேற்றப் பத்துப்பேராகச் சென்று, கட்டிலின் மீது அமர்ந்து, குழந்தைகளையும் உடன் கொண்டுபோய், நோயாளியின் கட்டைத் தொட்டுப் பார்த்துத் திரும்புவது நன்மை தேடிச் சென்று தீமை விளைத்ததாகிவிடும். சளி, காய்ச்சல் உள்ளவர் தொலைபேசியில் விசாரித்தாலும் விசாரித்ததே. துஆ செய்வோம், ஓதுவோம். ஆனால் திறந்த புண்ணின் மேல் ஊதுவதும், ஓதிய நீரையோ கருஞ்சீரக எண்ணெயையோ அதன்மேல் தடவுவதும் வேண்டா.

கட்டை நனைத்தலாகாது என மருத்துவர் கூறியிருந்தால், வுளூவுக்கென்று அதனை நனைப்பவரும் உளர். இது பக்தியினால் செய்யப்படுவதாயினும் மார்க்கம் அதனைக் கேட்கவில்லை. கட்டின் மேல் ஈரக்கையால் தடவுதல், அதற்கும் இயலாதபோது தயம்மும் செய்தல் எனச் சலுகைகளை நம் சட்ட மரபுகள் விரிவாகப் பேசியுள்ளன. அவற்றின் நுணுக்கங்களை ஊர் ஆலிமிடம் அறுவைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம். வீடு திரும்பியபின் புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், வீக்கமும் வலியும் நாளுக்கு நாள் மிகுதல், சீழ் கசிதல், காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினும் காத்திராமல் அறுவை செய்த இடத்துக்கே திரும்புதல் வேண்டும். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிப் பார்ப்பது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

கேள்வி கேட்பதும் நம் பொறுப்பே. எங்களுக்குத் திறக்கும் ஊசியும் உப்புநீரும் புதியவைதாமா? கருவிகள் எவ்வாறு தூய்மை செய்யப்படுகின்றன? தொடுமுன் கை கழுவினீர்களா? இவற்றைப் பணிவோடு கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் அவமதிப்பாகக் கொள்ளார். செம்மல்வைஸின் காலத்து மருத்துவர்கள் கொண்டார்கள்; அதற்கு விலை கொடுத்தவர்கள் தாய்மார்கள். வாணியம்பாடியின் பல் மருத்துவ நாற்காலியில் அமர்ந்தவர்களுக்கு அப்புட்டி எப்போது திறக்கப்பட்டது என்று கேட்கத் தோன்றியிராது. தோன்றாதது அவர்கள் குற்றமன்று. மயக்கத்திலோ வலியிலோ கிடப்பவர் தம் உடலைப் பிறர் கையில் அமானிதமாக ஒப்படைக்கிறார்.

அமானிதத்தைக் காப்பது, காண்பவர் எவரும் இல்லாதபோதும் அதனைக் காப்பதுதான். மூடிய கதவுக்குப் பின்னே கருவியைத் தேய்த்துக் கழுவும் ஊழியரும், அவசரத்திலும் கையுறையை மாற்றும் மருத்துவரும், ஆசையாகப் பார்க்க வந்தும் வாயிலிலேயே நின்று சலாம் உரைத்துத் திரும்பும் உறவினரும் ஒரே பணியைச் செய்பவர்கள். அதன் பயன் எவர் கண்ணுக்கும் தெரியாது. ஒரு புண் சீழின்றி ஆறியிருக்கும், ஒருவர் தம் வீட்டுக்கு நடந்து சென்றிருப்பார்.